மொன்பெட்சு: உறையும் கடலோரத்து மீன்பிடி நகரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொன்பெட்சு எங்கே இருக்கிறது?

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் வடகிழக்குக் கரையில், ஒகோட்ஸ்க் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மக்கள்தொகை 20 ஆயிரத்தை ஒட்டியது. மீன்பிடித் துறைமுகம், அதைச் சுற்றி மீன் பதப்படுத்தும் ஆலைகள், பின்னால் பால் பண்ணைகள், அதற்கும் பின்னால் காடு. ஊர் அவ்வளவுதான்.

முன்பதிவு செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹொக்கைடோவின் தெற்கே, பசிபிக் கரையில் ஹிடாகா வட்டாரத்தில் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பெயர்போன இன்னொரு மொன்பெட்சு உண்டு. ஒலி ஒன்று, சித்திர எழுத்து வேறு. வழிகாட்டிச் செயலியில் ‘மொன்பெட்சு நகரம், ஒகோட்ஸ்க்’ என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறாகப் போனால் தீவின் மறுகரையில் போய் நிற்பீர்கள்.

இந்தக் கடல் ஏன் உறைகிறது? ஐரோப்பாவில் இதே அட்சரேகையில் கடல் உறைவதில்லையே?

மொன்பெட்சு 44 டிகிரி வடக்கில் இருக்கிறது. தெற்குப் பிரான்சின் கரையும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான். குளிர் மட்டும் காரணமென்றால் இங்கே கடல் உறைய வேண்டியதில்லை. வேறு இரண்டு காரணங்கள் சேர்கின்றன.

முதலாவது அமூர் ஆறு. சைபீரியாவிலிருந்து அது கொண்டுவரும் நன்னீர் ஒகோட்ஸ்க் கடலின் மேல்பரப்பில் பரவி, ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம் வரை உப்புக் குறைந்த அடுக்காக நிற்கிறது. சாதாரணமாகக் கடலின் மேல்நீர் குளிர்ந்தால் கனம் கூடிக் கீழே இறங்கும், கீழேயுள்ள வெதுவெதுப்பான நீர் மேலே வரும். இப்படி முழு ஆழமும் குளிர்ந்த பிறகே உறைதல் தொடங்க முடியும். இங்கே அந்தச் சுழற்சி 50 மீட்டரோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் கீழே இருப்பது உப்பு மிகுந்த கனத்த நீர். அந்த மெல்லிய அடுக்கு மட்டும் −1.8 டிகிரிக்கு வந்தால் போதும்.

இரண்டாவது, குளிர்காலம் முழுவதும் சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட காற்று. நவம்பரில் கடலின் வடமேற்கு மூலையில் உறைதல் தொடங்குகிறது. அங்கே பிறந்த பனிக்கட்டி காற்றாலும் சகாலின் தீவின் கிழக்குக் கரையோரமாக இறங்கும் நீரோட்டத்தாலும் தெற்கே தள்ளப்பட்டு, சுமார் 1,000 கி.மீ. பயணம் செய்து ஹொக்கைடோவை அடைகிறது. வரும் வழியிலும் புதிய பனிக்கட்டி சேர்கிறது.

எந்த மாதத்தில் பனிக்கட்டியைப் பார்க்கலாம்?

கரையிலிருந்து கண்ணுக்குத் தென்படுவது பெரும்பாலும் ஜனவரி மூன்றாம் நான்காம் வாரங்களில். கரையைத் தொடுவது ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ. மார்ச் கடைசியில் விலகுகிறது. பார்க்க வருவோருக்குப் பிப்ரவரி 10 முதல் மார்ச் 5 வரை பாதுகாப்பான கணக்கு.

ஆனால் தேதியைவிடக் காற்றுதான் பெரிது. வாடைக்காற்று ஓரிரவு வீசினால் அடிவானம் வரை வெள்ளையாகிவிடும். தென்காற்று வீசினால் அதே பனிக்கட்டி மறுநாள் காலையில் கண்காணாத தொலைவுக்குப் போய்விடும். ஆகவே ஒரே நாள் வந்து பார்த்துவிட்டுப் போகும் திட்டம் வேண்டாம். இரண்டு இரவு, முடிந்தால் மூன்று இரவு தங்குங்கள். ஜப்பானியக் கடலோரக் காவல்படை குளிர்காலத்தில் பனிக்கட்டி நிலவர வரைபடம் வெளியிடுகிறது. அதோடு காற்றின் திசையையும் சேர்த்துப் பாருங்கள்: பனிக்கட்டி கரையிலிருந்து 20 கி.மீ.க்குள் இருந்து, காற்று வடக்கிலோ வடகிழக்கிலோ இருந்தால் நம்பிக்கையோடு கிளம்பலாம்.

பனி உடைப்புச் சுற்றுலாக் கப்பலான கரின்கோ எப்படிப் பனிக்கட்டியை உடைக்கிறது?

வழக்கமான பனி உடைப்புக் கப்பல் தன் கனத்தால் பனிக்கட்டியின் மேலேறி அழுத்தி உடைக்கும். கரின்கோவின் முகப்பில் திருகாணி வடிவப் பெரிய உருளைகள் சுழல்கின்றன. அவை பனிக்கட்டியைக் கவ்வி, நொறுக்கி, பக்கவாட்டில் தள்ளுகின்றன. அலாஸ்காவில் எண்ணெய் தேடும் வேலைக்காகச் செய்து பார்த்த சோதனை வண்டியின் நுட்பம் இது. அந்தச் சோதனைக் கலத்தையே மாற்றியமைத்து 1987இல் சுற்றுலாவுக்கு விட்டார்கள். 1997இல் கரின்கோ 2, 2021இல் கரின்கோ 3 வந்தன. முதல் கலம் இப்போது துறைமுகத்துக்கு அருகில் கரையில் நிற்கிறது. கட்டணமில்லாமல் பார்க்கலாம், திருகின் அளவு அங்கேதான் சரியாகப் புரியும்.

முன்பதிவு கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். பனிக்கட்டி இல்லாத நாளிலும் கடல் அமைதியாக இருந்தால் கப்பல் கிளம்பும், வெறும் கடல் உலாவாக. அலை அதிகமென்றால் ரத்து. பனிக்கட்டி நெருக்கமாக நிற்கும் நாளில் அலையே இருக்காது, அதனால் வாந்திக்குப் பயப்பட வேண்டியதில்லை. சில்லுகளாகச் சிதறிக் கிடக்கும் நாளில்தான் ஆட்டம் இருக்கும்.

கப்பலில் இடம் கிடைக்காவிட்டால் ஒகோட்ஸ்க் கோபுரத்துக்குப் போங்கள். 1996இல் கட்டியது. கரையிலிருந்து சுமார் ஒரு கி.மீ. தள்ளி, அலைதடுப்புச் சுவரின் முனைக்கு அப்பால் கடலுக்குள் நிற்கிறது. கீழ்த்தளம் நீர்மட்டத்துக்கு 7.5 மீட்டர் கீழே. பனிக்கட்டியின் அடிப்பக்கத்தைச் சன்னல் வழியாகப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. கப்பலைவிட இதையே முதலில் பாருங்கள் என்பது எங்கள் பரிந்துரை.

கரையில் ஒட்டி நிற்கும் பனிக்கட்டி மேல் நடக்கலாமா?

கூடாது. பார்வைக்குத் திடல் போலத் தெரிந்தாலும் அது ஒரே பலகை அல்ல. தனித்தனித் துண்டுகள் நெருக்கி நிற்கின்றன, இடைவெளிகளை மேலே விழுந்த பனி மூடியிருக்கிறது. காலை வைத்தால் நேராக −1.8 டிகிரி நீரில். சில நிமிடங்களில் கைவிரல்கள் செயலிழக்கும், வழுக்கும் விளிம்பைப் பிடித்து ஏற முடியாது. காற்று திரும்பினால் நீங்கள் நிற்கும் துண்டே கடலுக்குள் நகரும். ஷிரெதொகோ தீபகற்பத்தின் உதோரோவில் நீர்புகா மிதவை உடை கொடுத்து, வழிகாட்டியோடு நடத்தும் பனி நடை உண்டு. ஆசை இருந்தால் அங்கே போங்கள்.

என்ன உடுத்த வேண்டும்?

பிப்ரவரியில் சராசரி வெப்பநிலை −5 டிகிரி அளவில். அதிகாலையில் −15 வரை இறங்கும் நாள்களும் உண்டு. பனிக்கட்டி கரையை மூடிய பின் குளிர் இன்னும் கடுமையாகும், ஏனென்றால் திறந்த கடல் கொடுத்துக்கொண்டிருந்த வெப்பம் அடைபட்டுவிடும்.

உள்ளே வியர்வையை வெளியே கடத்தும் துணி, நடுவில் கம்பளி, மேலே காற்றுத் தடுப்பு என்று மூன்று அடுக்கு. உள்ளாடையாகப் பருத்தி வேண்டாம், ஒருமுறை ஈரமானால் காயாமல் உடம்பைச் சில்லிட வைக்கும். காதை மூடும் தொப்பி, கழுத்துத் துணி, இரண்டு அடுக்குக் கையுறை. காலணிக்கடியில் மாட்டும் முள்பட்டை மிக முக்கியம். இங்கே பயணிகளுக்கு நேரும் காயங்களில் பெரும்பாலானவை நடைபாதையில் வழுக்கி விழுவதால்தான். சிறு சிறு அடியாக, பாதம் முழுவதையும் பதித்து நடங்கள்.

கேமரா பேட்டரி குளிரில் வேகமாக இறங்கும். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டில் வையுங்கள். கட்டடத்துக்குள் நுழையும் முன் கேமராவைக் காற்றுப்புகாப் பையில் போட்டு மூடி, அரைமணி கழித்துத் திறங்கள். இல்லாவிட்டால் லென்சின் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

எப்படிப் போவது?

ரயில் இல்லை. ஊருக்கு வந்துகொண்டிருந்த நயோரோ தடம் 1989இல் மூடப்பட்டது. தோக்கியோ ஹனேடாவிலிருந்து ஒகோட்ஸ்க் மொன்பெட்சு விமான நிலையத்துக்கு நாளொன்றுக்கு ஒரு விமானம், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம். பனிப்புயலால் அது ரத்தானால் அன்று வேறு வழியில்லை, எனவே திரும்பும் நாளில் பன்னாட்டு விமானத்தைச் சேர்த்துப் பதிவு செய்யாதீர்கள். சப்போரோவிலிருந்து பேருந்தில் நான்கரை மணி நேரம் அளவில், அசாஹிகாவாவிலிருந்து மூன்று மணி நேரம். ரயிலில் வருவோர் செகிஹொகு தடத்தில் எங்கரு வரை வந்து பேருந்து மாற வேண்டும்.

வாடகை வண்டி ஓட்டுவோருக்கு: குளிர்கால டயர் வண்டியோடே வரும். சாலையோரக் கம்பங்களில் தொங்கும் அம்புக்குறிகள் கீழ்நோக்கிச் சாலையின் விளிம்பைக் காட்டுகின்றன. எல்லாம் வெள்ளையாகிப் போகும் நேரத்தில் அதுதான் வழித்துணை. பனியில் சிக்கி நின்றுவிட்டால் எஞ்சினை அணையுங்கள். குளிருக்காக ஓடவிட்டே ஆகவேண்டுமென்றால் புகைக்குழாயைச் சுற்றிய பனியை அடிக்கடி தோண்டி எடுக்க வேண்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகும், வாசனை இல்லாததால் தெரியாமலேயே உயிர் போகும்.

கடல் மூடிக்கிடக்கும்போது மீனவர்கள் என்ன செய்கிறார்கள்?

பனிக்கட்டி வருவதற்கு முன்பே சிறு படகுகள் கரையேற்றப்படும். வலை பின்னல், கூடை சீரமைப்பு, எஞ்சின் பராமரிப்பு எல்லாம் இந்த மாதங்களில்தான். மார்ச்சில் கடல் திறந்ததும் முதல் வேலை முடிநண்டு (ஓடெங்கும் மயிர் படர்ந்த நண்டு) பிடிக்கும் கூடைகளை இறக்குவது. ஓராண்டின் வரிசை தோராயமாக இப்படி: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முடிநண்டு, கோடை முழுவதும் ஸ்காலப் (விசிறி வடிவச் சிப்பி), ஆகஸ்ட்டில் இளஞ்சிவப்பு சால்மன், செப்டம்பர் முதல் நவம்பர் வரை நிலைவலையில் இலையுதிர்கால சால்மன். பெரிய இழுவைப் படகுகள் ஆழ்கடலில் பொல்லாக், காட், தட்டைமீன் பிடிக்கின்றன.

மூடிய கடலை மீனவர் நட்டமாக மட்டும் பார்ப்பதில்லை. பனிக்கட்டியின் அடியில் பழுப்பு நிறப் பாசி வளர்கிறது. உருகும்போது அது நீரில் கலக்கிறது, வசந்த வெயிலில் மிதவை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஸ்காலப் முதல் நண்டு வரை எல்லாவற்றுக்கும் ஆண்டின் முதல் பெருந்தீனி அதுதான். கூடவே, பனிக்கட்டி உண்டாகும்போது வெளித்தள்ளப்படும் உப்புநீர் கனத்துக் கீழிறங்கி, அமூர் ஆறு கொண்டுவந்த இரும்புச்சத்தைப் பசிபிக் வரை சுமந்து செல்கிறது.

ஸ்காலப் இங்கே பண்ணையில் வளர்கிறதா, கடலில் பிடிபடுகிறதா?

இரண்டுக்கும் நடுவே. ஜப்பானியரின் ‘ஹோட்டாட்டே’ எனப்படும் இந்த ஸ்காலப்பைக் கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் வட்டாரங்கள் உண்டு. ஒகோட்ஸ்க் கரையின் முறை வேறு: குஞ்சுகளைக் கடலடியில் விதைத்துவிட்டு, வளர்ந்ததும் வாரி எடுப்பது.

மே, ஜூனில் நீரில் மிதக்கும் லார்வாக்கள் ஒட்டிக்கொள்ளும்படி வலைப்பைகளைத் தொங்கவிடுகிறார்கள். கோடையில் குஞ்சுகள் ஒரு சென்டிமீட்டரை நெருங்கும்போது அவற்றைப் பிரித்துக் கூடைகளுக்கு மாற்றுகிறார்கள். நெரிசல் ஏற்பட்டால் ஓட்டின் விளிம்புகள் ஒன்றையொன்று கடித்துச் சேதமாகும் என்பதால் இலையுதிர் காலத்தில் இன்னொரு முறையும் பிரிப்பதுண்டு. குளிர்காலத்தை நீருக்கடியிலேயே கழித்து, அடுத்த மே மாதம் நான்கு சென்டிமீட்டர் அளவில் இருக்கும்போது விதைப்பு நடக்கிறது.

மீன்பிடிப் பகுதி நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு துண்டில் அறுவடை, காலியான துண்டில் மறு விதைப்பு. விதைக்கும் முன் நட்சத்திரமீன்களை அடியோடு வாரி அகற்ற வேண்டும். இதில் கஞ்சத்தனம் காட்டினால் மூன்று ஆண்டு காத்திருந்து வெறும் ஓடுகளையே அள்ள நேரிடும். நட்சத்திரமீன் ஓட்டைப் பற்றி இழுத்துத் திறந்து உள்ளிருப்பதைத் தின்றுவிடும். அறுவடைக்கு இரும்புப் பற்கள் பொருத்திய சட்டத்துக்குப் பின்னால் சங்கிலி வலை கட்டிய வாரியைக் கடலடியில் இழுக்கிறார்கள்.

இந்த முறைக்கும் ஆபத்து உண்டு. 2014 டிசம்பரில் வந்த கடும் புயல் கடலடி மணலைக் கிளறி, விதைத்த ஸ்காலப்பை மூடியும் கரைக்கு அடித்தும் பெருமளவில் அழித்தது. பாதிப்பு அடுத்த சில ஆண்டு அறுவடைகளில் தெரிந்தது. குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடியிருந்தால் அலை எழாது, கடலடி பாதுகாப்பாக இருக்கும். அந்தப் புயல் பனிக்கட்டி வருவதற்கு முன்பே வந்துவிட்டது.

உறைந்த ஸ்காலப்பை எப்படிக் கையாள வேண்டும்?

மெல்லிய துணி அல்லது தாளில் பரப்பி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் 8 முதல் 10 மணி நேரம். அறை வெப்பத்தில் வைத்தால் சாறு வடிந்து தசை தளரும். குழாய்நீரில் நேராகப் போட்டால் நீரை உறிஞ்சிச் சப்பென்று ஆகும். அவசரமென்றால் காற்றுப்புகாப் பையில் போட்டு ஐஸ் தண்ணீரில் ஒரு மணி நேரம்.

வறுக்கும்போது ஈரத்தை முழுவதும் ஒற்றியெடுத்து, நன்றாகக் காய்ந்த சட்டியில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை. வெளியே பொன்னிறம், நடுவில் சற்று ஒளி ஊடுருவும் பதம். அதற்கு மேல் போனால் ரப்பர்.

ஓட்டோடு வாங்கினால் தட்டைக் கரண்டியை உள்ளே நுழைத்து ஓட்டை ஒட்டியே சீவி, தசை பிடித்திருக்கும் இடத்தை அறுங்கள், ஓடு தானாகத் திறக்கும். உள்ளே கரும்பச்சையாக இருக்கும் பையை எறிந்துவிடுங்கள். காட்மியமும் சில பருவங்களில் சிப்பி நச்சும் சேர்வது அதில்தான், சமைத்தாலும் போகாது.

முடிநண்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கனத்தை. ஒரே அளவில் இரண்டு இருந்தால் கையில் கனப்பதை எடுங்கள். தோலுரித்துச் சில வாரமே ஆன நண்டு பெரிதாக இருந்தாலும் உள்ளே நீர்தான். ஹொக்கைடோவில் ஓட்டின் நீளம் 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆண் நண்டையும், பெண் நண்டு எதையும் பிடிக்கக் கூடாது.

உயிருள்ள நண்டை நேராகக் கொதிநீரில் போட்டால் கால்களை உதறிவிடும், சாறெல்லாம் கால் கழன்ற துளை வழியே போகும். முதலில் நன்னீரில் மூழ்கவைத்து அசைவு நின்ற பின் வேகவையுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 30 முதல் 40 கிராம் உப்பு, 500 கிராம் நண்டு என்றால் நீர் மறுபடி கொதித்ததிலிருந்து 20 நிமிடம் அளவில். வயிறு மேல்பக்கமாக இருக்கட்டும், ஆறவைக்கும்போதும் அப்படியே. இல்லாவிட்டால் ஓட்டுக்குள் இருக்கும் கொழகொழப்பான உட்பகுதி வழிந்துவிடும், இந்த நண்டின் சுவையே அதில்தான்.

சால்மனை ஆற்றில் பிடிக்கலாமா?

முடியாது. ஆற்றில் ஏறும் சால்மனைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். முட்டைக்காக அவை பொரிப்பகங்களுக்குக் கொண்டுபோகப்படுகின்றன. வசந்தத்தில் சுமார் ஒரு கிராம் எடையுள்ள குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள், பெரும்பாலானவை நான்காம் ஆண்டில் திரும்புகின்றன. விடும் நேரம் நுட்பமானது. கரையோர நீர் 5 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பனிக்கட்டி விலகும் முன் விட்டால் குளிரிலும் பட்டினியிலும் சாகும், தாமதமானால் கடல் சூடேறிவிடும்.

இந்தத் தடைக்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு. இந்த ஆறுகளில் தலைமுறை தலைமுறையாகச் சால்மன் பிடித்து வாழ்ந்தவர்கள் ஹொக்கைடோவின் பழங்குடிகளான ஐனு மக்கள். 19ஆம் நூற்றாண்டில் மெய்ஜி அரசு போட்ட தடை அவர்கள் வாழ்வாதாரத்தை அறுத்தது. இன்றும் சடங்குக்கு மட்டும், அதுவும் முன்அனுமதி பெற்றே பிடிக்க முடியும். 2019இல் மொன்பெட்சு ஐனு சங்கத்தினர் அனுமதி கேட்காமலேயே மோபெட்சு ஆற்றில் சால்மன் பிடித்து, இது தங்கள் உரிமை என்றார்கள். காவல்துறையில் புகார் பதிவானது, பின்னர் வழக்குத் தொடரப்படவில்லை. உரிமைக் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

கரையில் தனியாகக் கிடக்கும் கடல்நாய்க் குட்டியைக் கண்டால்?

தொடாதீர்கள், கடலுக்குள் தள்ளாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், மனிதர் நின்றால் அது திரும்பி வராது. தள்ளி நின்று, காயமோ வலைச் சிக்கலோ தெரிந்தால் தொக்கரி மையத்துக்குச் சொல்லுங்கள். கடல்நாய்களைக் காப்பாற்றிப் பராமரிப்பதற்கென்றே 1987 முதல் இயங்கும் இடம் அது. தேறியவற்றைக் கடலில் விடுகிறார்கள், முடியாதவை அங்கேயே வாழ்கின்றன. உணவு ஊட்டும் நேரத்தில் பார்வையாளர்கள் அருகில் போகலாம்.

இவ்வளவு சிறிய ஊரின் பெயர் ஜப்பான் முழுக்கத் தெரிவது எப்படி?

‘ஃபுருசாதோ’ வரியால். ஜப்பானில் ஒருவர் தாம் விரும்பும் ஊருக்கு நன்கொடை கொடுத்தால், 2,000 யென் போக மீதியைத் தம் வரியில் உச்சவரம்புக்குட்பட்டுக் கழித்துக்கொள்ளலாம். ஊர் பதிலுக்கு உள்ளூர்ப் பொருளை அனுப்பும், அதன் மதிப்பு நன்கொடையில் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்காலப்பும் நண்டும் அனுப்பும் மொன்பெட்சு 2021 நிதியாண்டில் சுமார் 1,530 கோடி யென் திரட்டி நாட்டிலேயே முதலிடம் பிடித்தது.

2023 ஆகஸ்ட்டில் ஃபுகுஷிமா அணுமின் நிலைய நீர் வெளியேற்றத்தைக் காரணம் காட்டிச் சீனா ஜப்பானிய மீனை நிறுத்தியபோது ஹொக்கைடோ ஸ்காலப் பெரும் அடி வாங்கியது. ஓட்டோடு உறையவைத்து அனுப்பி, உரிக்கும் வேலையைச் சீனாவில் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வழி அடைபட்டதும் உரிக்க இங்கே கை போதவில்லை. ஒரே வாங்குபவரை நம்பியிருந்தது தவறு என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது.

பனிக்கட்டி குறைகிறதா?

குறைகிறது. 1971 முதலான கணக்குப்படி, ஆண்டின் உச்ச அளவு பத்தாண்டுக்கு ஒருமுறை ஒகோட்ஸ்க் கடல் பரப்பில் 3 முதல் 4 விழுக்காடு வீதம் சுருங்கி வருகிறது. ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் பெரிது, ஒரு நல்ல ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சைவ உணவு கிடைக்குமா?

கடினம். காய்கறிக் குழம்பாகத் தெரிவதிலும் நூடுல்ஸ் சாறிலும் மீன்சாறு அடிப்படையாக இருக்கும். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்: இறைச்சி, மீன், மீன்சாறு மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள், ‘சைவம்’ என்ற ஒரே சொல்லில் மீன்சாறு அடங்காது. செய்கோமார்ட் போன்ற சிறு கடைகளில் வெறும் சோறு, பழம், பால் கிடைக்கும். உடனடிச் சாம்பார்ப் பொட்டலம் கையில் இருந்தால் சிரமம் குறையும்.

கோடையில் வந்தால் பார்க்க என்ன இருக்கிறது?

கடற்கரையில் 12 மீட்டர் உயர நண்டுக் கொடுக்குச் சிலை, எல்லாரும் படமெடுக்கும் இடம். −20 டிகிரி அறையில் உண்மையான பனிக்கட்டியைத் தொட்டுப் பார்க்க ஒகோட்ஸ்க் பனிக்கட்டி அறிவியல் மையம் இருக்கிறது, ஜூலையிலும் திறந்திருக்கும்.

வண்டி இருந்தால் கரையிலிருந்து உள்ளே சுமார் 25 கி.மீ. தள்ளியுள்ள கோனோமாய்க்குப் போகலாம். 1917இல் சுமிதோமோ வாங்கி நடத்திய தங்கச் சுரங்கம், 1973இல் மூடப்படும் வரை 70 டன்னுக்கும் மேல் தங்கம் கொடுத்தது. உச்சத்தில் 13 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் இப்போது காடு. போர்க்காலத்தில் கொரியர்கள் இங்கே வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மரங்களுக்கிடையே புகைபோக்கியும் சுவர்களும் தெரியும். இடிபாடுகளுக்குள் நுழைய வேண்டாம், கரடி நடமாட்டமும் உண்டு. வழியில் பயணிகள் தங்கிக் குதிரை மாற்றிய பழைய வழித்தங்கல் கட்டடத்தில் ஊர்க்காரர்கள் நடத்தும் சுரங்க அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டால், எந்த மேடு எதுவாக இருந்தது என்று தெரிந்து நடக்கலாம்.